தொப்பை வைத்த கட்டில்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, வீட்டுக்கு மாடி கட்டுவது என்று முடிவெடுத்தேன். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், அது நான் தூங்க வேண்டிய நேரம். தூங்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நான் இரவுக் காவலாளி. பாட்டில் கிடங்கில் இருபத்திரண்டு வருடமாக வேலை. அடுக்கி வைத்த காலிப் பாட்டில்கள் பேசுவதில்லை, சிரிப்பதில்லை, சட்டைக்கு அளவு கொடுக்க வருவதில்லை. அப்படிப்பட்ட அமைதி. அந்த அமைதியில் கண்ணைத் திறந்து வைத்திருக்கத்தான் எனக்குச் சம்பளம். விடிந்ததும் வீட்டுக்கு வந்தால் கண்ணை மூடிக்கொள்ள அனுமதி உண்டு, அமைதி கிடையாது. இரண்டையும் ஒரே இடத்தில் தரக்கூடாது என்று கடவுள் கண்டிப்பாக இருந்தார்.

எங்கள் வீடு லிமாவுக்கு வடக்கே, கோமாஸ் மலைச்சரிவில். இரண்டே அறை. பின்னறையில் சமையல். முன்னறையில் என் மனைவி தொமித்திலாவின் தையல் மெஷின். பள்ளிச் சீருடை தைக்கிறாள். அந்த முன்னறையைப் பாதியாகப் பிரித்து ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் என் கட்டில். என் தூக்கத்துக்கும் அவள் தொழிலுக்கும் நடுவே பூப்போட்ட துணி ஒன்றுதான் காவல். என்னைவிட மோசமான காவலாளி அது.

ஆறு மணிக்கு ரொட்டிக்காரன் ஹாரன். ஏழு மணிக்கு கேஸ்காரன் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போவான். எட்டு மணிக்கு மெஷின். ஒன்பது மணிக்குத் தாய்மார்கள் வந்து, போன வருடத்துக்கு இந்த வருடம் பையன் எவ்வளவு வளர்ந்துவிட்டான் என்று என் கட்டில் அருகே நின்று வியப்பார்கள். பத்து மணிக்குத் தலைக்கு மேலே நாய்.

நாய் மேலேதான் இருக்கும். எங்கள் பக்கத்தில் மனிதர்களுக்குக் கீழ்த்தளம், நாய்களுக்குக் கூரை. எங்கள் துகே ஒன்பது வருடமாக அங்கே குடியிருக்கிறது. பனிமூட்டம் விலகும் நாட்களில் அங்கிருந்து கடல்கூடத் தெரியும். பார்த்து ரசிப்பது நாய்.

கூரையின் மூலைகளில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். துருப்பிடிக்காமல் இருக்க அவற்றின் தலையில் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கவிழ்த்திருக்கிறோம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கோலம்தான். யாரும் வீட்டைக் கட்டி முடிப்பதில்லை. முடித்துவிட்டால் அப்புறம் எதற்கு ஏங்குவது?

நான் ஏங்கியது ஒரே ஓர் அறைக்கு. ஜன்னல் வேண்டாம். கனமான சுவர், கனமான கதவு. உள்ளே கட்டில். கட்டில்மேல் நான். இருட்டு. ஏழு வருடமாக நான் சரியாகத் தூங்கவில்லை.

ஏணியில் ஏறினேன். தொமித்திலாவின் மெஷின் மேஜையிலிருந்து துணியில் கோடு போடும் சாக்கட்டி ஒன்றைத் திருடி வைத்திருந்தேன். கூரையில் மல்லாந்து படுத்து, என்னைச் சுற்றிக் கோடு போட்டேன். காலடியில் கை எட்டவில்லை. புரண்டு போய் வரைந்தேன். துகே வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, கோட்டுக்கு வெளியே மரியாதையாக உட்கார்ந்தது.

பக்கத்துக் கூரையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சொய்லா அக்கா அலறினாள்.

"தொமி! அடியே தொமி! உன் புருஷன் செத்துட்டாருடி! சுத்தி கோடுகூட போட்டுட்டாங்க!"

"சாகலக்கா!" என்று கையை ஆட்டினேன்.

"அப்படியா? அப்ப கோட்டை யாரு போட்டது?"

"நானே."

"நீயேவா? போலீஸ் வேலையையும் நீயே செஞ்சுட்டியா?"

தொமித்திலா ஏறி வந்தாள். வாயில் இரண்டு குண்டூசி. அவளுக்கு அவசரமாகப் பதில் சொல்லும் பழக்கமில்லை. முதலில் என்னைப் பார்த்தாள். அப்புறம் கோட்டை. அப்புறம் என் கையிலிருந்த சாக்கட்டியை. ஊசிகளை எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டாள்.

"என்னய்யா இது?"

இங்கேதான் என் திட்டம். வாசலுக்கு வெளியே எட்டு வருடமாகச் சேர்ந்திருக்கும் செங்கல் முழுவதும் அவள் தைத்துச் சேர்த்தது. முன்னறையை இடித்து ஒழுங்கான தையல் கடை கட்ட வைத்திருந்தாள். புருஷன் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அதில் ஒரு செங்கல்கூடத் தரமாட்டாள். ஆனால் ஒரே ஒரு பெயரைச் சொன்னால் மொத்தத்தையும் தருவாள். அந்தப் பெயரை நான் ஏழு வருடமாக வாயால் சொன்னதில்லை.

"நொயெமிக்கு" என்றேன்.

தொமித்திலா காலரில் குத்திய ஊசியைத் திருகினாள்.

"மாடி கட்டுனா அவ வந்து இருப்பா. அவளே சொன்னா."

"யாரு சொன்னா?"

"நொயெமி. எனக்கு போன் பண்ணினா. கிடங்குக்கு."

"உனக்கா?"

"ஏன், நான் அவ அப்பன் இல்லையா? மாசத்துக்கு ரெண்டு தடவை பண்றா. உன்கிட்ட சொல்ல வேணாம்னா."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சொல்லலாம் என்றுகூடத் தோன்றியது. தொமித்திலா தரையைப் பார்த்தாள்.

"அப்ப இந்தக் கோடு?"

"அவளோட கட்டில். எங்க போடலாம்னு பாத்தேன்."

"கட்டிலுக்குத் தொப்பை இருக்கே."

"சாக்கட்டி வழுக்கிடுச்சு."

"ம்" என்றாள். "சரி, கட்டுவோம்."

அவ்வளவுதான். சண்டை இல்லை. மேற்கொண்டு கேள்வி இல்லை. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது அன்றுதான். எனக்கு அப்போதே பயம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

நொயெமி எங்கள் ஒரே மகள். அவள் காதலித்தவன் வில்மெர். நல்ல பையன். குடி கிடையாது. பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிப்பான். அது ஒன்றுதான் குறை. அது பெரிய குறை. ஊர்வலங்களில் அடிப்பதற்காகப் பகலில் பழகுவான். எங்கள் வாசலுக்கு நேர் எதிரில் பழகுவான், காரணம் அங்கே நொயெமி இருந்தாள். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டு வந்த அன்றைக்கு மூன்று நாள் தூக்கம் கெட்டிருந்தேன். "அந்த டிரம்மோட இந்த வாசலை மிதிக்காதே!" என்று கத்தினேன். மகள் என்னைப் பார்த்தாள். அப்புறம் டிரம்மைப் பார்த்தாள். இரண்டே வாரத்தில் எல்லை தாண்டி, சிலி நாட்டு அரிக்காவுக்கு அவனோடு போய்விட்டாள். என் மகள் என் பேச்சைக் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரே தடவை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொமித்திலா சமையலறையில் போனில் பேசுவாள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். திரைக்கு இந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பேன். ஒரு பக்கப் பேச்சுதான் கேட்கும். "அப்படியா... பல்லு முளைச்சிடுச்சா... நடக்குதா?" யாருக்குப் பல் முளைத்தது என்று கேட்க முடியாது. நான்தான் தூங்கிக்கொண்டிருக்கிறேனே.

மேஸ்திரி பௌஸ்தினோ அளவு நாடாவோடு வந்தார். கூரையில் மூன்று பேரும் நின்றோம். கோட்டை மழை அழிக்கவில்லை. எங்கள் ஊரில் தூறலைத் தாண்டி மழை என்று ஒன்று பெய்வதில்லை.

"ஒரே ரூம். பின்பக்கம். ஜன்னல் வேணாம்" என்றேன்.

"ஜன்னல் வேணாமா?" என்றார் மேஸ்திரி. "ரூமா, கல்லறையா?"

"பொண்ணு குகையில குடியிருக்கணுமா?" என்றாள் தொமித்திலா. "எம்மாம் பெரிய ஜன்னல் முடியுமோ அம்மாம் பெரிசா வைங்க மேஸ்திரி. தெருப்பக்கம். கடல் தெரியணும்."

"தெருப்பக்கம் சத்தம்டி."

"அவளுக்குச் சத்தம்னா என்ன? டிரம்காரனைக் கட்டினவ."

அவள் எங்கே வரப்போகிறாள் என்று சொல்ல முடியாது. வருகிறாள் என்று சொன்னவன் நான்.

"ரெண்டு ரூமா போட்டுருங்க" என்றாள்.

"ரெண்டா? ஒருத்திக்கு ரெண்டு எதுக்கு?"

"ஒருத்தியா? உன்கிட்ட மாசத்துக்கு ரெண்டு தடவை பேசுறாளே, பேத்தி இருக்கான்னு சொல்லலியா?"

பேத்தி. பல் முளைத்தது அவளுக்குத்தான்.

"சொன்னா, சொன்னா. மறந்துட்டேன்."

"பேரு என்னன்னு சொன்னா?"

"மேஸ்திரி காத்துக்கிட்டிருக்கார், பேர் இப்ப முக்கியமா?"

"மைரா" என்றாள் தொமித்திலா மேஸ்திரியிடம், ஏதோ அவர்தான் கேட்டது போல. "நாலு வயசு. சிங்க் தாழ்வா வைங்க. குழந்தைக்கு எட்டணும்."

ஒரு ஜன்னலும் ஒரு பெயரும் சேர்ந்து என் இருட்டு அறையைத் தின்றுகொண்டிருந்தன. நான் இரண்டு இடத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தேன். ஜன்னலுக்குத் திருடன் பயம் சொல்லிக் கெட்டிக் கம்பி. படிக்கட்டு வீட்டுக்குள்ளே வேண்டாம், வெளியே சந்துப்பக்கம், அதுவும் குறுகலாக. காலையில் வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் போகாமலே மேலே ஏறிவிடலாம். துணித் தொட்டியோடு தொமித்திலா பின்னால் ஏறி வரவும் முடியாது.

"எவ்வளவு குறுகலா?" என்றார் மேஸ்திரி.

"என் தோள் அகலம். நடுவுல ஒரு திருப்பம் வைங்க."

தொமித்திலா ஒரு கணம் யோசித்தாள். அப்புறம் சிரித்தாள். "வெளிப் படிக்கட்டா? நல்ல யோசனைய்யா. அதை மட்டும் இவர் சொன்னபடியே கட்டுங்க."

சுவர் எழும்பியது. பகலெல்லாம் கொத்துக்கரண்டிச் சத்தம். அமைதிக்காகக் கட்டுகிற வீடு எழுப்புகிற சத்தம்போல எதுவும் கிடையாது. ஆனால் ஒரு விசித்திரம். வேலையாட்கள் சாப்பிடப் போன நேரத்தில் மேலே ஏறிப் போவேன். மறைக்காத ஜன்னல் ஓட்டைக்கு முன்னால் நிற்பேன். மூட்டம் விலகினால் கடல். ஒரு நாலு வயதுப் பெண்ணுக்குத் தாழ்வாக வைத்த சிங்க். அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் உயரத்திலிருந்து கடல் தெரியுமா என்று பார்த்தேன். தெரியவில்லை. ஒரு முக்காலி போட்டால் தெரியும். முக்காலி ஒன்று செய்தேன். என்ன செய்கிறேன் என்று என்னையே கேட்கவில்லை.

கூரைக்குக் காங்கிரீட் போட வேண்டிய வாரம் வந்தது. எங்கள் ஊரில் கூரை போடுவது ஞானஸ்நானம் மாதிரி. தெருவே திரண்டு வந்து தகரத்தில் காங்கிரீட் சுமக்கும். பெண்கள் அண்டாவில் சமைப்பார்கள். வேலை முடிந்ததும் ஈரக்கூரையில் பூச்சுற்றிய சிலுவை நட்டு, ரிப்பன் கட்டிய பாட்டில் ஒன்றைக் கூரை விளிம்பிலிருந்து தொங்கவிடுவோம். கூரைக்கு ஒரு ஞானத்தாய் வேண்டும். பாட்டிலை அவள்தான் உடைக்க வேண்டும். வீட்டுக்காரன் தன் வாயால் கேட்க வேண்டும். கேட்டபின் அவள் மறுக்கக் கூடாது. மறுத்தால் கூரை வெடிக்கும்.

"சொய்லா அக்காவைக் கேட்டுடறேன்" என்றேன்.

"எதுக்கு? நொயெமியைக் கேளு. மாடியே அவளுக்குத்தானே."

"அவ்வளவு தூரத்துலேர்ந்து..."

"நீதான் பேசுறியே அவகிட்ட. அடுத்த தடவை போன் வரும்போது கேட்டுரு. நான் கேக்கக் கூடாது. வீட்டுக்காரன்தான் கேக்கணும்."

இரண்டு நாள் கழித்துக் கேட்டாள். "கேட்டியா?"

"போன் வரலை."

"நீ பண்ணு."

நான் எப்படிப் பண்ணுவேன்? ஏழு வருடத்தில் என் மகளின் நம்பர் என்ன என்றுகூட எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் ஓர் அதிசயம் நடந்தது. குளிக்கப் போனால்கூடப் போனைக் கையோடு எடுத்துப் போகிற தொமித்திலா, அதை மெஷின் மேஜையில் மறந்து வைத்துவிட்டு நூல் வாங்கப் போனாள். பூட்டும் போடவில்லை. நொயெமி என்ற பெயரும் திறந்த பக்கத்திலேயே இருந்தது. எனக்கு எப்போதாவதுதான் இப்படி அதிர்ஷ்டம் அடிக்கும். நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, என் போனோடு மாடிக்கு ஓடினேன்.

திட்டம் எளிது. வேலை இருக்கிறது, வர முடியாது என்று அவளே அம்மாவுக்குச் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் கேட்கப் போகிறேன். ஒரு நிமிஷப் பேச்சு.

மணி அடித்தது. ஒரு சின்னக் குரல் எடுத்தது.

"யாரு?"

எனக்கு நான் யார் என்று மறந்துபோனது.

"நான்... பாட்டில் கிடங்குலேர்ந்து பேசுறேன்."

"அம்மா! பாட்டில்காரர்!"

காலடி ஓசை. "ஹலோ? எங்க வீட்டுல பாட்டில் எதுவும் இல்லைங்களே."

குரல் கொஞ்சம் கனத்திருந்தது. மற்றபடி அதேதான்.

"நொயெமி."

அந்தப் பக்கம் வெகு தூரத்தில் தும், தும் என்று ஓர் ஓசை மட்டும்.

"அப்பா" என்றாள். அப்புறம், "சாப்பிட்டீங்களா?"

நான் தயார்பண்ணி வைத்திருந்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது.

"சாப்பிட்டேன். அது என்ன சத்தம்?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்க. நிப்பாட்டச் சொல்லட்டா?"

"வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்." மூக்கை உறிஞ்சினேன். தூசி. கட்டட வேலை. "கூரைக்கு ஒரு ஞானத்தாய் வேணும்."

"யார் வீட்டுக் கூரைக்கு?"

"நம்ம வீட்டுக்கு. மாடி கட்டுறேன். சனிக்கிழமை கூரை."

"இந்த வாசலை மிதிக்காதேன்னீங்களே."

"வாசல் கீழ இருக்கு" என்றேன். "இது மாடி. படிக்கட்டு வெளியில. வாசல் பக்கமே வர வேண்டியதில்லை."

அதைச் சொல்லி முடித்தபிறகுதான், அந்தப் படிக்கட்டை நான் எதற்குக் கட்டினேன் என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

"அவரும் வருவாரு. டிரம்மும் வரும்" என்றாள்.

"டிரம்முக்குத் தனியா படிக்கட்டு கிடையாதும்மா."

அவள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. "பாக்குறேன்பா" என்று வைத்துவிட்டாள். பார்க்கிறேன் என்றால் வருகிறேனா, வரவில்லையா? வர வேண்டாம் என்று சொல்லத்தான் போன் பண்ணினேன் என்பது படிக்கட்டில் பாதி இறங்கியபிறகு ஞாபகம் வந்தது. துகே மேலிருந்து என்னைப் பார்த்தது. அதற்கு எல்லாம் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை. கலவை இயந்திரம் உறுமியது. மாடி அறைகள் இரண்டிலும் யூகலிப்டஸ் முட்டுக் கம்புகள் காடு மாதிரி நின்றன. மூன்று வாரம் அவை அப்படியே நின்று கூரையைத் தாங்க வேண்டும். நானும் தகரம் சுமந்தேன். ஒவ்வொரு தடவை மேலே ஏறியதும் மலையடிவாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஆட்டோ வரும். யாரோ இறங்குவார்கள். நொயெமி இல்லை.

"கழுத்து சுளுக்கிக்கும் கசிமிரோ" என்றார் மேஸ்திரி என்னிடம்.

பிற்பகலில் கடைசித் தகரம் கொட்டி முடிந்தது. சிலுவை நட்டார்கள். பாட்டில் தொங்கியது. தெருவே கூரையை அண்ணாந்து பார்த்து நின்றது. நானும் தொமித்திலாவும் படிக்கட்டின் உச்சியில் நின்றோம். காயவைத்த உருளைக்கிழங்கில் செய்த குழம்பு அண்டாவில் ஆறியது.

"ஞானத்தாய் எங்க? பசிக்குதுப்பா!"

"நான் வேணா உடைக்கிறேன்" என்றாள் சொய்லா அக்கா.

"யாரும் தொடக் கூடாது" என்றாள் தொமித்திலா. என் பக்கம் திரும்பினாள். "கேட்டியா இல்லையாய்யா?"

"கேட்டேன்."

"உன் வாயால?"

"என் வாயாலதான்டி!"

"அப்ப வருவா."

வராமல் போனால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கூரை வெடிக்கும் என்ற பயமில்லை. அந்த முக்காலியை என்ன செய்வது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடிவாரத்திலிருந்து கேட்டது. தும். தும். தும்.

ஆட்டோ ஒன்று மூச்சு வாங்கி ஏறி வந்தது. அதன் தலைமேல் பெரிய டிரம். டிரம்மின் மேல் மெத்தை. மெத்தையின் மேல் சமையல் பாத்திரங்கள். பாட்டில் உடைக்க மட்டும் வருகிறவள் மெத்தையோடு வரமாட்டாள். தொமித்திலாவைப் பார்த்தேன். அவள் வேறெங்கோ பார்த்தாள்.

"அரிக்காவுல அவங்க வேலை செஞ்ச ஆலிவ் பறிக்கிற சீசன் முடிஞ்சிடுச்சாம்" என்றாள், பொதுவாக.

நொயெமி இறங்கினாள். வாசலைப் பார்த்தாள். வாசல் பக்கம் வராமல் சந்துக்குள் போய், வெளிப் படிக்கட்டில் ஏறினாள். பின்னால் ஒரு சின்னப் பெண், படியைக் கையால் தொட்டுத் தொட்டு. நொயெமி பாட்டிலை ஒரே அடியில் உடைத்தாள். தெரு கைதட்டியது. அந்தச் சின்னப் பெண் என்னிடம் வந்து, "பாட்டில்காரர் நீங்கதானா?" என்றாள். "உடைச்சிட்டாங்க, பரவால்லியா?"

பரவாயில்லை என்றேன்.

அப்போது தூறல் ஆரம்பித்தது. வில்மெர் சந்தில் டிரம்மோடு நின்றுகொண்டிருந்தான். தோல் நனைந்தால் போயிற்று. அவசரமாகப் படிக்கட்டில் ஏற்றினான். ஆறு படி ஏறியது. திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. தள்ளினான், சாய்த்தான், கும்பிட்டான். நகரவில்லை.

"என்ன மாமா, படிக்கட்டு இவ்வளவு குறுகல்?"

"யார் கட்டச் சொன்னதுன்னு கேளுங்க மாப்பிள்ளை" என்றாள் தொமித்திலா.

தூறல் வலுத்தது. இறங்கிப் போனேன். டிரம்மின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன், மறுபக்கத்தை அவன். பின்னால் இழுத்து, சந்தைச் சுற்றி, என் வீட்டு முன்வாசல் வழியாகக் கொண்டுபோய் உலர்ந்த இடமாகப் பார்த்து வைத்தோம். திரைக்கு இந்தப் பக்கம். என் கட்டில் அருகே. அந்த டிரம்மோடு அந்த வாசலை மிதித்தது கடைசியில் நான்தான்.

திரும்பினால் நொயெமி நிலைப்படிக்கு வெளியே தூறலில் நின்றாள்.

"அப்பா, டிரம்மோட மிதிக்காதேன்னுதானே சொன்னீங்க. இப்ப என் கையில டிரம் இல்ல."

"உள்ள வாம்மா. நனையுது" என்றேன். என் முகமும் நனைந்திருந்தது. நான் வீட்டுக்குள்ளேதான் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து முட்டுகளைப் பிரித்தார்கள். நொயெமியும் வில்மெரும் மைராவும் மேலே குடிபோனார்கள். ஜன்னல், சிங்க், கடல், முக்காலி எல்லாம் அவர்களுக்கு. டிரம் மட்டும் மேலே போகவில்லை. படிக்கட்டு குறுகல். ஜன்னல் வழியாக ஏற்றலாம் என்றால் நான் கேட்டு வாங்கிய கெட்டிக் கம்பி. ஆக அது என் தலைமாட்டிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் காலை வேலை முடிந்து வந்து படுத்தேன். அமைதி. மெஷின் ஓடவில்லை. ரேடியோ பாடவில்லை. துகேகூடக் குரைக்கவில்லை. டிரம்முக்கு முன்னால் வில்மெர் கோலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வருடமாக நான் ஏங்கிய அமைதி அது. புரண்டேன். மறுபக்கம் புரண்டேன். ஒன்பது மணி. பத்து மணி. பதினொன்றே கால்.

"மாப்பிள்ளை" என்றேன் திரை வழியாக. "வாசிக்கலையா?"

"நீங்க தூங்கணும்னு அத்தை சொன்னாங்க மாமா."

"அத்தை கெடக்கா. வாசி."

தும் என்றது. தும். மேலே ஒரு முக்காலி இழுபடும் சத்தம். சின்னக் காலடிகள். நொயெமி ஏதோ சொல்கிற குரல், இந்தத் தடவை இரண்டு பக்கமும் கேட்கும்படி. தும்.

கண் விழித்தபோது சாயங்காலம். ஏழு வருடத் தூக்கத்தை ஒரே பகலில் தூங்கியிருக்கிறேன். தெம்பாக இருந்தது. இந்த வீட்டில் நான் நினைத்த எதுவும் நடக்கவில்லை, இருந்தும் ஜெயித்தது நான்தான் என்று தோன்றியது. தொமித்திலாவிடம் பெருமையாகச் சொல்லலாம் என்று தேடினேன். கீழே இல்லை.

"பாட்டி மேல இருக்காங்க" என்றாள் மைரா. "மேலுக்கும் மேல."

ஏணி வைத்துப் புதுக் கூரைக்கு ஏறினேன். மூலைகளில் புதிதாகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. தலையில் பாட்டில்கள் கவிழ்த்தாயிற்று. துகே அதற்குள் குடிவந்திருந்தது. நடுவில் தொமித்திலா, கையில் சாக்கட்டியோடு, பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"முதல் நாளே உனக்குத் தெரியும், இல்ல?" என்றேன். "நான் பொய் சொல்றேன்னு."

"கட்டிலுக்குத் தொப்பை வச்சப்பவே தெரியும். ஆனா நான் கூப்பிட்டு அவ வரமாட்டேன்னுட்டா. நீ கூப்பிடணும்னு ஏழு வருசமா காத்துக்கிட்டிருந்தா. நானும்தான்."

இருவரும் கடல் பக்கம் பார்த்தோம். மூட்டம். ஒன்றும் தெரியவில்லை. பரவாயில்லை.

"சரி, இங்க என்ன பண்ற?"

"இன்னைக்குப் பூரா நீ விட்ட குறட்டை இருக்கே" என்றாள், "டிரம்மே கேக்கலைய்யா. மாப்பிள்ளை பாவம், கோலைக் கீழ வச்சிட்டு மேல ஓடிட்டாரு."

நான் தரையைப் பார்த்தேன். புதுக் காங்கிரீட்டில் வெள்ளைக் கோடு சுத்தமாக விழுந்திருந்தது. ஒரே ஓர் ஆள் நீளம். தொப்பை இல்லை.